அடி பெரிதானால் எட்டும் பெரிதாகுமா?

தமிழில் 'அடி' என்னும் சொல் பல வேலைகளைப் பார்க்கிறது. பாதத்துக்கும் அடி என்கிறோம். அந்தப் பாதம் எடுத்து வைக்கும் எட்டுக்கும் அடி என்கிறோம். 12 அங்குலம் கொண்ட அளவுக்கும் அதே பெயர்தான். 'கால்' என்ற சொல்லோ இன்னும் தாராளமானது. இடுப்பிலிருந்து விரல் நுனி வரை அத்தனையும் கால். ஆகவே, "அவனுக்குக் கால் பெரிசு, நன்றாக ஓடுவான்" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்பதே நமக்குத் தெளிவாவதில்லை. தொடையும் முழங்காலும் நீளமா? பாதம் நீளமா? இரண்டும் ஒன்றல்லவே!

பாதம் பெரிதாக இருந்தால் வேகம் கூடும் என்ற நம்பிக்கை பரவலானது. அண்மைக் காலத்தில் அதற்கு விஞ்ஞானத்தின் முத்திரையும் கிடைத்திருக்கிறது. "பெரிய பாதம் நீளமான நெம்புகோல் போன்றது, நீளமான நெம்புகோல் அதிகமாகத் தள்ளும், இது ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டது" என்று என் மாணவர்களே வகுப்பில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதில் ஆராய்ச்சி என்பது உண்மை. நெம்புகோல் என்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து எடுத்த முடிவு தவறு. எங்கே தவறு என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம். (எண்களை இலக்கத்திலேயே எழுதுகிறேன், ஆகவே 'எட்டு' என்று எழுத்தில் வருமிடமெல்லாம் கால் எடுத்து வைக்கும் எட்டு என்றே கொள்க.)

முதலில் மிக எளிதான குழப்பத்தை நீக்கிவிடுவோம். மனிதனின் பாத நீளம் அவன் உயரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம். 170 செண்டிமீட்டர் உயரமுள்ளவருக்குச் சுமார் 25 செண்டிமீட்டர் பாதம் இருக்கும். பண்டை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், பாதம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு என்று எழுதி வைத்தார். அவர் கணக்கு சற்றுத் தாராளமானது என்றாலும் போக்கு சரியே. காலடித் தடத்தைக் கொண்டு ஆளின் உயரத்தை மதிப்பிடும் துப்பறியும் முறைக்கும் இதுவே அடிப்படை. இதனால் என்ன ஆகிறது? பெரிய பாதம் உள்ளவர்களை ஒரு பக்கமும் சிறிய பாதம் உள்ளவர்களை மறு பக்கமும் நிறுத்தினால், நாம் உண்மையில் நெட்டையர்களையும் குட்டையர்களையும்தான் பிரித்திருக்கிறோம். முதல் கூட்டத்தார் நீளமான எட்டு வைப்பார்கள். அதற்குக் காரணம் அவர்களுடைய தொடையும் முழங்காலும். பாதம் அந்தப் புகழில் பங்கு கேட்டு நிற்கும் உறவினர் மட்டுமே.

நீளமான எட்டு வைப்பவர் கட்டாயம் வெல்வாரா என்றால், அதுவும் இல்லை. வேகம் என்பது எட்டின் நீளத்தையும், ஒரு வினாடியில் எத்தனை எட்டு என்ற எண்ணிக்கையையும் பெருக்கி வரும் தொகை. 2009-இல் பெர்லின் நகரில் நடந்த உலகப் போட்டியில் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்து உசேன் போல்ட் உலகச் சாதனை படைத்தார். உயரம் 195 செண்டிமீட்டர். அந்த ஓட்டத்தில் அவர் வைத்தது சுமார் 41 எட்டு. சராசரி நீளம் 2.44 மீட்டர், வினாடிக்கு 4.28 எட்டு. அவருக்கு அடுத்து வந்த டைசன் கே உயரத்தில் 15 செண்டிமீட்டர் குறைந்தவர். அவர் 45 எட்டுக்கும் சற்று அதிகமாக வைத்து 9.71 வினாடியில் முடித்தார். வினாடிக்கு ஏறத்தாழ 4.7 எட்டு. எட்டின் நீளத்தில் இருவருக்கும் 10 சதவீதம் வித்தியாசம், நேரத்திலோ 1.3 சதவீதமே. நீளத்தில் இழந்ததில் பெரும்பகுதியை எண்ணிக்கையில் மீட்டுவிட்டார் கே.

இனி ஓர் எட்டுக்குள்ளேயே நுழைந்து பார்ப்போம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி. அந்த நேரத்தில் உடல் 1 மீட்டர் முன்னே போகிறது. எட்டின் மொத்த நீளம் 2.25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் 1.25 மீட்டரை அவர் ஆகாயத்தில் கடக்கிறார். தரையிலுள்ள 1 மீட்டரும் பெரும்பாலும் இடுப்பை மையமாகக் கொண்டு கால் முழுவதும் வீசுவதால் வருவது. பாதம் இதற்குத் தருவது, ஊன்றிய இடத்திலிருந்து விரல் நுனி வரை உருள்வதால் கிடைக்கும் சில செண்டிமீட்டர்களே. ஒருவரது பாதம் 2 செண்டிமீட்டர் அதிகம் என்றால், அந்த 2 செண்டிமீட்டர் முழுவதும் எட்டில் சேர்ந்துவிட்டதாகவே கொண்டாலும், 225-இல் 2. அதாவது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் விரைவோட்டக்காரர்கள் முன்பாதத்தில் இறங்குகிறவர்கள். குதிகாலின் நீளம் உருளலில் அவர்களுக்குப் பயன்படுவதே இல்லை.

அப்படியானால் வேகத்தைத் தீர்மானிப்பது எது? 2000-இல் பீட்டர் வேயண்டும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. விசையை அளக்கும் கருவி பொருத்திய ஓடுபட்டையில் 33 பேரை அவரவர் உச்ச வேகத்தில் ஓடவிட்டு அளந்தார்கள். வினாடிக்கு 6.2 மீட்டர் ஓடுபவர் முதல் 11.1 மீட்டர் ஓடுபவர் வரை அதில் இருந்தார்கள். தரையைவிட்ட காலை முன்னே வீசிக் கொண்டுவர எடுக்கும் நேரத்தில் இவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. மிக வேகமானவர் தம் எடைக்கு ஏற்பத் தரையில் செலுத்திய விசை, மெதுவானவரைப்போல் சுமார் 1.26 மடங்கு. வேகமாக ஓடுபவர் காலை வேகமாக ஆட்டுபவர் அல்லர், தரையைப் பலமாக உதைப்பவர் என்பதே அந்த ஆய்வின் சாரம். ஆகவே நமது கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். பாதத்தின் அமைப்பு இந்த உதைக்கு உதவுகிறதா?

நெம்புகோல் இங்கேதான் வருகிறது. ஒரு பழைய பிழையையும் இங்கே சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. நுனிக்காலில் எம்பி நிற்பதை இரண்டாம் வகை நெம்புகோலுக்கு எடுத்துக்காட்டாகப் பல பாடநூல்கள் தருகின்றன. விரல்களின் அடியிலுள்ள மேடு ஆதாரப் புள்ளி. கணுக்காலின் மேல் உடலின் பளு. குதிகாலில் கெண்டைக்கால் தசையின் இழுப்பு. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் போலவே விசை மிச்சமாகிறது என்று படம் போட்டு விளக்குவார்கள். கணக்கைப் போட்டுப் பார்ப்போமா? கணுக்காலிலிருந்து முன்மேடு 12.5 செண்டிமீட்டர், பின்னால் குதிநாண் 5 செண்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். உடல் எடை 500 நியூட்டன். பாடநூலின்படி, தசை இழுக்க வேண்டியது 500 × 12.5 ÷ 17.5, அதாவது சுமார் 357 நியூட்டன். உடல் எடையை விடக் குறைவு!

இது சரியென்றால், ஒற்றைக் காலில் எம்பி நிற்பது சாதாரணமாக நிற்பதைவிடச் சுலபமான காரியமாக இருக்க வேண்டும். நின்று பாருங்கள். அரை நிமிடத்தில் கெண்டைக்கால் எரியும். கணக்கு எங்கே பிசகியது? தள்ளுவண்டியைத் தூக்குபவன் வண்டிக்கு வெளியே தரையில் நிற்கிறான். கெண்டைக்கால் தசை அப்படி வெளியே நிற்கவில்லை. அதன் மேல்முனை அதே காலில், முழங்காலின் அருகில் கட்டப்பட்டிருக்கிறது. குதிகாலை எவ்வளவு விசையோடு மேலே இழுக்கிறதோ, அவ்வளவு விசையோடு உடலைக் கீழே இழுக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி! ஆகவே கணுக்காலில் அமர்ந்துள்ள பளு 500 நியூட்டன் அன்று. 500-உடன் தசையின் இழுப்பும் சேர்ந்தது. இழுப்பை 'இ' என்று எழுதினால், இ × 17.5 = (500 + இ) × 12.5. விடை 1,250 நியூட்டன். எடையைப் போல் இரண்டரை மடங்கு. கணுக்காலையே ஆதாரமாகக் கொண்டு போட்டாலும் இதே விடை ஒரே வரியில் வரும்: 500 × 12.5 ÷ 5. நம் பாதம் விசையை மிச்சம் பிடிக்கும் கருவியே அன்று. விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கும் கருவி.

இதைப் புரிந்துகொண்டவருக்கு அடுத்து ஓர் எண்ணம் தோன்றும். குதிகால் பின்னால் நீண்டிருந்தால் தசைக்கு வேலை குறையுமே. சிறந்த விரைவோட்டக்காரர்களுக்கு அப்படித்தானே இருக்க வேண்டும்? நியாயமான எண்ணம். 2009-இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சப்ரினா லீ, ஸ்டீபன் பியாட்ஸா இருவரும் இதை அளந்து பார்த்தார்கள். 12 விரைவோட்டக்காரர்கள், ஏறத்தாழ ஒத்த உயரமுள்ள, ஓட்டப் பயிற்சி இல்லாத 12 பேர். விடை நேர் எதிராக வந்தது. கணுக்காலுக்கும் குதிநாணுக்கும் இடையிலுள்ள நெம்புகோல் கை விரைவோட்டக்காரர்களுக்கு 25 சதவீதம் குறைவு. கால் விரல்களோ நீளம். பின்னே குட்டை, முன்னே நெட்டை!

நெம்புகோல் விதி பொய்த்துவிட்டதா? இல்லை. நாம் தசையைக் கயிறும் கப்பியும் போல எண்ணிக்கொண்டோம், பிழை அங்கே. கிணற்றில் நீர் சேந்துகிறவர்களைப் பாருங்கள். வெற்று வாளி சரசரவென்று ஏறிவிடும். நிறைந்த வாளியை நிதானமாகத்தான் இழுக்க முடியும். தனித் தசையும் அப்படியே. வேகமாகச் சுருங்கும்போது அதனால் கொடுக்கக்கூடிய விசை குறைகிறது. ஏ. வி. ஹில் 1938-இல் தவளைத் தசையைக் கொண்டு வகுத்த புகழ்பெற்ற உறவு இது. இப்போது கணக்கைத் திரும்பப் போடுவோம். கணுக்கால் 30 பாகை திரும்ப வேண்டும். கிடைக்கும் நேரம் இருபதில் ஒரு வினாடி. நெம்புகோல் கை 5 செண்டிமீட்டர் என்றால் தசையும் நாணும் சேர்ந்து 2.6 செண்டிமீட்டர் சுருங்க வேண்டும். வேகம் வினாடிக்கு 52 செண்டிமீட்டர். கையை 3.75 ஆகக் குறைத்தால் சுருக்கம் 2 செண்டிமீட்டருக்குள், வேகம் 39. எம்பி நிற்பதற்கு 1,250 நியூட்டனுக்குப் பதில் 1,667 நியூட்டன் வேண்டியிருக்கும் என்பது நட்டமே. ஆனால் அவசரமில்லாமல் சுருங்கும் தசை, அந்தக் கூடுதல் விசையைக் கொடுக்கும் நிலையில் இருக்கிறது. நின்ற இடத்திலேயே எம்புகிறவனுக்கு நீண்ட குதிகால் இலாபம். பாய்கிறவனுக்குக் குட்டைக் குதிகால் இலாபம். நீண்ட விரல்களைப் பற்றி லீயும் பியாட்ஸாவும் ஓர் எளிய கணிப்பொறி மாதிரியைக் கொண்டு சொன்னது: பாதம் தரையோடு தொடர்பு கொண்டிருக்கும் நேரம் சிறிது நீள்கிறது, புறப்பாட்டில் உடலை முன்னே தள்ள அது உதவுகிறது.

இது அழகான ஆராய்ச்சி. இதை நான் வகுப்பில் சொல்லாமல் இருந்ததில்லை. ஆனாலும் இதை "பெரிய பாதம் வேகமானது" என்று மொழிபெயர்த்தவர்களோடு எனக்குப் பெரிய சண்டை உண்டு. அவர்கள் அளந்தது பாதத்தின் மொத்த நீளத்தையா? பாதம் என்பது ஒரே நீளமன்று. கணுக்காலுக்குப் பின்னே ஒரு பகுதி, முன்னே ஒரு பகுதி, அதற்கும் முன்னே விரல்கள். ஆய்வு சொல்வதோ ஒரு பகுதி குறைந்தும் மற்றொன்று கூடியும் இருப்பதைப் பற்றி. இரண்டையும் கூட்டினால் செருப்புக் கடைக்காரரின் அளவுகோலில் வித்தியாசமே தெரியாமல் போகலாம். ஒரே எண் காலணி அணியும் இருவரில் ஒருவர் பாய்ச்சலுக்கும் மற்றவர் நிதானத்துக்கும் அமைந்தவராக இருக்கக்கூடும்.

ஆராய்ச்சியாளர்களிடமும் கேட்கச் சில உண்டு. இரு பக்கமும் 12 பேர் என்பது குறைந்த எண்ணிக்கை. நாண் நகரும் தூரத்தை மீயொலிக் கருவியால் பார்த்து நெம்புகோல் கையைக் கணக்கிடும்போது, நாணின் இழுபடும் தன்மை குறுக்கே வந்து எண்ணைக் கெடுக்கலாம். 2012-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, காந்த ஒத்ததிர்வுப் படங்களைக் கொண்டு செய்த இன்னோர் ஆய்வு வந்தது. போக்கு அதேதான், ஆனால் வித்தியாசம் 25 சதவீத அளவுக்குப் பெரிதாக இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, எது முன்னே எது பின்னே என்பது. இவ்வாறு அமைந்த பாதம் உள்ளவர்கள் விரைவோட்டத்துக்கு வந்தார்களா, அல்லது சிறு வயது முதல் ஓடியதால் பாதம் இவ்வாறு அமைந்ததா? ஓடுகிறவர்களையும் ஓடாதவர்களையும் ஒரு நாள் நிறுத்தி வைத்து அளந்தால் இதற்கு விடை கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2009-இல், அதே ஆய்விதழில், கேம்பெல் ரோலியனும் அவர் தோழர்களும் எழுதிய இன்னொரு கட்டுரை வெளிவந்தது. மனிதக் கால் விரல்கள் ஏன் இவ்வளவு குட்டையாயின என்பது அவர்கள் கேள்வி. விரல் நீளம் 20 சதவீதம் கூடினாலே, ஓடும்போது விரலை மடக்கும் தசைகளின் வேலை இரு மடங்காகிவிடுகிறது என்று அவர்கள் கணித்தார்கள். நடக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. ஆகவே நெடுந்தூரம் ஓடிய நம் முன்னோர்களுக்குக் குட்டை விரல் நன்மையாக இருந்திருக்கும் என்பது அவர்கள் வாதம். ஒரு கட்டுரை நீண்ட விரல் நல்லது என்கிறது. மற்றது குட்டை விரல் நல்லது என்கிறது! உண்மையில் இவை மோதவில்லை. 10 வினாடியில் ஓட்டம் முடிந்துவிடும் ஒருவர் எரிபொருளைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மணிக்கணக்கில் ஓடுபவருக்கு அதுவே எல்லாம். 'ஓட்டம்' என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு நாம்தான் தடுமாறுகிறோம்.

எரிபொருள் என்றதும் எடையையும் பேசியாக வேண்டும். மனிதப் பாதம் ஒன்று உடல் எடையில் ஏறத்தாழ 1.45 சதவீதம். 60 கிலோகிராம் ஆளுக்குச் சுமார் 870 கிராம். பாதம் எல்லாத் திசையிலும் ஒரே விகிதத்தில் 10 சதவீதம் பெரிதானால், எடை 1.1 × 1.1 × 1.1, அதாவது 33 சதவீதம் கூடும். ஏறக்குறைய 290 கிராம். நீளம் மட்டும் கூடினால் 87 கிராம். காலணி எடையைப் பற்றிய சோதனைகளில், ஒவ்வொரு பாதத்திலும் 100 கிராம் கூட்டினால் ஓடுபவரின் ஆக்சிஜன் செலவு சுமார் 1 சதவீதம் கூடுகிறது. பெரிய பாதத்துக்கு 1 முதல் 3 சதவீதம் வரை வரி என்று வைத்துக்கொள்ளலாம். நிலைமத் திருப்புத்திறன் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? இடுப்பிலிருந்து 25 செண்டிமீட்டரில் தொடையில் கட்டிய 100 கிராமைவிட, 80 செண்டிமீட்டரில் பாதத்தில் கட்டிய 100 கிராம் வீசுவதற்குப் 10 மடங்கு சிரமம். விரைவோட்டக்காரர் காலை முன்னே கொண்டுவரும்போது குதிகால் பிட்டத்தைத் தொடுமளவு மடக்குவது இந்தத் தூரத்தைக் குறைப்பதற்கே. குதிரை இதில் நமக்கெல்லாம் குரு. தசைகளை மேலே வைத்துக்கொண்டு, கீழே எலும்பும் நாணுமாக, காலுக்கு ஒரே விரலின் குளம்பில் ஓடுகிறது. அதன் பின்னங்காலில் பின்புறமாக மடியும் 'முழங்கால்' உண்மையில் அதன் கணுக்கால்! கங்காருவோ நீண்ட பாதத்தோடு துள்ளுகிறது. மிருகங்களைக் காட்டிப் பாத அளவுக்கு ஒரே விதி சொல்ல முடியாது.

இவ்வளவு நுணுக்கமும் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் 1 சதவீதம் தங்கத்தைப் பறிக்கும். அங்கே இது பெரிய விஷயம். என் கவலை வேறிடத்தில். 12, 13 வயதுப் பிள்ளைகளில் ஓட்டத்துக்கு ஆள் பொறுக்கும்போது, "இவன் பாதத்தைப் பார், இவனைச் சேர், அவள் பாதம் சின்னது, வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர் அதற்கு நெம்புகோலையும் ஆராய்ச்சியையும் சாட்சிக்கு அழைத்தார். ஆனால் அந்த வயதில் பாதம் எதைக் காட்டுகிறது? உயரம் கூடும் முன்பே பாதம் வளர்ந்து, முன்பே நின்றும் விடுகிறது. சட்டை அளவு மாறும் முன்னே செருப்பு அளவு மாறுவதைப் பெற்றோர் அறிவார்கள். 13 வயதில் பெரிய பாதம் என்றால், பல நேரங்களில் அந்தப் பிள்ளை மற்றவர்களைவிட ஓராண்டு, ஈராண்டு முன்னதாக வளரத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள். இன்று அவன் முந்துவதும் அதனால்தான். வளர்ச்சி பிந்திய பிள்ளைக்கு 16 வயதில் எல்லாம் சரியாகிவிடும். அதற்குள் அவனை மைதானத்துக்கு வெளியே அனுப்பிவிட்டால் யார் அவனைத் திரும்பக் கூப்பிடுவார்கள்?

உங்கள் பள்ளியிலோ தெருவிலோ இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஈரப் பாதத்தைச் சிமெண்டுத் தரையில் பதியவைத்து, குதிகாலிலிருந்து நீண்ட விரல் வரை அளந்துகொள்ளுங்கள். உட்புறக் கணுக்கால் முட்டின் நடுவுக்கும் குதிகாலின் பின் விளிம்புக்கும் இடையே உள்ள தூரத்தைத் தனியாக எடுங்கள். 50 மீட்டர் ஓடவிட்டு, நேரத்தையும் எட்டுகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். 20, 30 பேராவது இருக்கட்டும். பட்டியலில் வயதுக்கு ஒரு பத்தியும் உயரத்துக்கு ஒரு பத்தியும் கட்டாயம் போடுங்கள். முதலில் பாத நீளத்தையும் ஓடிய நேரத்தையும் வரைபடத்தாளில் குறித்துப் பாருங்கள். பிறகு ஒரே வயதும், ஏறத்தாழ ஒரே உயரமும் உள்ளவர்களின் புள்ளிகளை மட்டும் வேறு வண்ணத்தில் குறித்து, முன்பு தெரிந்த கோடு இன்னும் தெரிகிறதா என்று பாருங்கள்.